கல்லீரலுக்கு ஒரு வாசல், குடிநோய்க்கு இன்னொரு வாசல்: இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் யார்?

1. வைகைக்கரை

என் அண்ணனுக்கு 43 வயது. மதுரைக்கு அருகே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறார். கடைசி நான்கு ஆண்டுகளில் அது நாளுக்கு இரண்டு குவார்ட்டர் என்ற அளவுக்குப் போய்விட்டது. ஆவணியில் கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, ஒரு மருத்துவமனையில் 16 நாள்கள் இருந்தார். கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். வயிற்று நீரை ஊசி வழியாக எடுத்தார்கள். உணவுக்குழாயில் புடைத்திருந்த இரத்தநாளங்களுக்கு என்டாஸ்கோப்பி வழியாக வளையம் போட்டார்கள். சிகிச்சையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் குடியைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: மது அருந்துவதை முற்றிலும் நிறுத்துமாறு அறிவுறுத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் மறுபடியும் குடித்துவிட்டார். நானும் அண்ணியும் அவரை ஒரு போதை மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்தவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 6க்கு மேல் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது ஆனால் எங்களால் பொறுப்பேற்க முடியாது, கல்லீரலைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கல்லீரல் மருத்துவரிடம் போனால், குடியை நிறுத்தாமல் நான் கொடுக்கும் மருந்தெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர், முதலில் அதை முடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு பேரும் அவரவர் அளவில் சரியாகத்தான் பேசினார்கள். ஆனால் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குக் காத்திருக்க நேரமில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2. செவிலி மணிமொழி

சகோதரி, சென்னையில் கல்லீரல் வார்டில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒற்றை வரியை எத்தனையோ சம்மரிகளில் படித்திருக்கிறேன். இரத்தக் கொதிப்புக்காரருக்கு 'கொதிப்பைக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதி யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மாத்திரை எழுதுவார்கள், மறுபரிசோதனைக்குத் தேதி கொடுப்பார்கள். குடிநோய்க்கு மட்டும் அறிவுரையே மருந்து என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்ககால். இரண்டு என்றால் 120 கிராம். ஆண்டுக்கணக்கில் இந்த அளவு உள்ளே போனவர் திடீரென்று நிறுத்தும்போது கல்லீரலும் மூளையும் ஒரே வாரத்தில் சிக்கலுக்குள்ளாகும். அந்த வாரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒருவர் மஞ்சள் காமாலையோடு சேர்ந்தார். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, சுவரில் எறும்பு சாரை சாரையாக ஏறுவதாகச் சொல்லிக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். உடல் முழுக்க வியர்வை, நாடித்துடிப்பு 130. அதே இரவில் நான்கு கட்டில் தள்ளி இன்னொருவரும் நிலை தடுமாறியிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவில் விழித்திருந்தார், கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்துப் பதில் சொன்னார், தன் மகளைத் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னபோது, பறவை சிறகடிப்பதைப் போல விரல்கள் விழுந்து விழுந்து எழுந்தன. முதலாமவருக்குக் குடியை நிறுத்தியதால் வந்த ஜன்னி. அவருக்குப் படபடப்பைத் தணிக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். இரண்டாமவருக்குக் கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளையை மந்தமாக்கியிருந்தது. அதே ஊசியை அவருக்குப் போட்டிருந்தால் நினைவிழந்துபோயிருப்பார். அவருக்கு வேண்டியது லாக்டுலோஸ், நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகும் அளவுக்கு. சில நேரம் ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். அப்போது ஒரு துறையை மட்டும் தெரிந்தவர் தனியாக முடிவெடுப்பது கடினம்.

ஆகவே அண்ணனை மறுபடி சேர்க்கும்போது, கடைசியாகக் குடித்த நாளையும் மணியையும், வழக்கமாகக் குடிக்கும் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். மானத்தை எண்ணி வீட்டார் மறைக்கும் அந்த இரண்டு விவரங்கள்தாம் எங்களுக்கு முதலில் வேண்டியவை.

3. கரிசல்காட்டான்

மனம் நொந்து எழுதியிருக்கும் சகோதரிமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா இதே நோயில் இறந்தார். வீட்டையும் நிலத்தையும் விற்று வைத்தியம் பார்த்தோம். மருந்தாலும் ஆலோசனையாலும் குடி நிற்கும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் அதே மனிதர் 48 நாள்கள் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. அப்போது வருகிற உறுதி மற்ற நாள்களில் ஏன் வரவில்லை? மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

4. தென்றல்

நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். கரிசல்காட்டான் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பலர் மனத்தில் இருப்பதும் அதுவே.

மாலை போட்டு 48 நாள்கள் இருப்பவர்கள் உண்டு. மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வந்து எங்கள் அவசரப் பிரிவுக்கு வருபவர்களும் உண்டு. அளவு மீறிக் குடித்துப் பழகிய உடல் திடீரென்று மதுவை இழந்தால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, மேலே செவிலி அம்மா வருணித்த ஜன்னி வரலாம். இதற்கும் மன உறுதிக்கும் தொடர்பில்லை. மேலும், 48 நாள்கள் விரதம் இருந்தவர் 49ஆம் நாள் மாலையைக் கழற்றியதும் குடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். அவரால் நிறுத்த முடிந்தது. நிறுத்தியபடியே இருக்கத்தான் முடியவில்லை. சிகிச்சை தேவைப்படுவது அந்த இரண்டாவது பகுதிக்கு.

வைகைக்கரை சகோதரிக்கு: ஒன்றாகப் பார்க்க முடியும், பார்க்கத்தான் வேண்டும். குடியால் வந்த கல்லீரல் நோயில், ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பாரா என்பதைத் தீர்மானிப்பதில் குடியை விடுவதற்கு நிகரான வேறொன்று இல்லை. கடுமையான கல்லீரல் அழற்சிக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 40 மில்லிகிராம் 28 நாள்கள் கொடுக்கும் முறை உண்டு. ஏழாம் நாள் இரத்தத்தைப் பார்த்துப் பலனில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். பலன் கிடைத்தாலும் அது முதல் மாதத்தைத் தாண்ட உதவும் மருந்து மட்டுமே. அதற்குப் பிந்தைய காலம் அவர் குடிக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. அப்படியிருக்க, குடிநோய்ச் சிகிச்சையைக் கல்லீரல் தேறிய பிறகு தொடங்கலாம் என்பது, அணைக்க வேண்டிய நெருப்பை விட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது.

போதை மீட்பு மையம் தயங்கியதற்கும் காரணம் இருக்கிறது. அங்கே பழக்கமான மருந்துகள் சில உங்கள் அண்ணனுக்கு ஆகாதவை. குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்ஃபிராம் கல்லீரலையே தாக்கக்கூடியது. அவருக்கு அது கூடவே கூடாது. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் நல்ல மருந்துதான் என்றாலும், வயிற்றில் நீர் கோக்கும் அளவுக்குக் கல்லீரல் தளர்ந்தவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறோம். அதே நோக்கத்துக்கான இன்னொரு மருந்தான அகம்ப்ரோசேட்டைக் கல்லீரல் கையாள வேண்டியதில்லை. அது சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறிவிடும். ஆகையால் சிறுநீரகம் நன்றாக இருந்தால் கொடுக்கலாம். அடுத்தது பாக்லோஃபென். கல்லீரல் சுருக்கம் வந்த குடிநோயாளிகளிடமே முறையாகச் சோதிக்கப்பட்டது அது. இத்தாலியில் 84 பேரை வைத்து 12 வாரங்கள் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், 10 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை எடுத்துக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேர் குடியை விட்டிருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதம் பேர். ஆனால் மூளை மந்தமாகும் நிலை ஏற்கெனவே வந்தவருக்கு அது குழப்பத்தைக் கூட்டிவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடலில் தேங்கிவிடும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நடுக்கம் தணிக்கும் மருந்துக்கும் இதே கதைதான். வழக்கமான குளோர்டயாசெபாக்சைடு பழுதுபட்ட கல்லீரலில் நாள்கணக்கில் தேங்கும். லொரசெபாமைக் குறைந்த அளவில், ஆளைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது பாதுகாப்பு. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். இல்லையென்றால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இவையெல்லாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகக் கிடைக்கும் மருந்துகளே. குறையாக இருப்பது, கல்லீரல் வார்டும் மனநலப் பிரிவும் ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழக்கம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், கல்லீரல் சுருக்கமும் குடிநோயும் சேர்ந்திருந்த 35,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, குடிநோய்க்கு ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர்கள் 14 சதவீதம்தான். மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சிகிச்சை பெற்றவர்களிடம் கல்லீரல் மேலும் தளர்வது குறைவாக இருந்தது. இந்தியாவில் 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார்; உள்நோயாளியாகப் பெறுபவர் 180 பேருக்கு ஒருவர்.

5. ஈரோட்டு மீனா

என் கணவருக்கும் இதே நிலை இருந்தது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும்படி ஒருவர் ஒரு பொடி தந்தார். நான்கு நாள் குழம்பில் கலந்தேன். ஐந்தாம் நாள் அவர் குடித்துவிட்டு வந்து, முகம் சிவந்து, மூச்சு வாங்கி, வாசற்படியிலேயே விழுந்தார். அவசர சிகிச்சையில் பிழைத்தார். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும் பெண்கள் யாரும் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

6. தென்றல்

நன்றி அம்மா. நீங்கள் விவரித்தது டைசல்ஃபிராம் எடுத்தவர் மது அருந்தினால் வருவதைப் போலவே இருக்கிறது. இப்படி மறைத்துக் கொடுக்கும் பொடிகளில் அது கலந்திருக்கக்கூடும். நோயாளிக்குத் தெரியாமல், அவர் ஒப்புதல் இல்லாமல் அதை ஒருநாளும் கொடுக்கக் கூடாது. கல்லீரல் ஏற்கெனவே கெட்டவருக்கு ஆபத்து இரட்டிப்பு.

7. நாலாவது ஆண்டு

நான் நோயாளி. எனக்கும் கல்லீரல் சுருக்கம் உண்டு. குடிக்காமல் மூன்று ஆண்டுகளும் ஏழு மாதங்களும் ஆகின்றன.

முதல் முறை மருத்துவமனையிலிருந்து வந்தபோது எனக்கு என்ன நடந்தது என்று சொன்னால் உங்கள் அண்ணனைப் புரிந்துகொள்ள உதவும். சாவேன் என்று சொல்லியிருந்தார்கள். பயம் முழுதாக இருந்தது. ஆனால் இரவில் தூக்கம் அறவே இல்லை. கால் குடைந்தது. உப்பில்லாத கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. விடிய விடிய முழித்திருந்துவிட்டு, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தூங்கினால் போதும் என்றுதான் போனேன். சந்தோஷத்துக்காகக் குடிக்கவில்லை. இதை மருத்துவரிடம் சொல்லலாம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கல்லீரல் மருத்துவர் கல்லீரலைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை என் அதிர்ஷ்டம், அந்த வார்டுக்கு வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் ஒருவர் வருவார். கட்டிலருகே உட்கார்ந்து, எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, யாரோடு, எந்த வழியாகப் போகும்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறது என்றேன். இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிப் பள்ளிக்கூடத் தெரு வழியாக நடக்க முடியுமா என்று கேட்டார். அவ்வளவு சிறிய காரியம்! இன்றும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். வெளியே வந்தபின், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். என் மனைவி குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போனார். நான் தேறியதில் பாதி அவர் தேறியதால்தான்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. காமாலை என்றதும் எங்கள் வீட்டில் கீழாநெல்லியும் மோர்சாதமும் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பருப்பு, முட்டை எதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் தோள் எலும்பு துருத்திக்கொண்டது. பிறகுதான் உணவியல் நிபுணர் திருத்தினார்.

8. செவிலி மணிமொழி

அந்தப் பத்தியத்தைப் பற்றி நானே எழுத இருந்தேன். கல்லீரல் சுருங்கியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். முட்டை, பருப்பு, சுண்டல், பால், தயிர் எல்லாம் கொடுக்க வேண்டும். இவர்களுடைய கல்லீரலால் இரவுக்குச் சர்க்கரையைச் சேமித்துவைக்க முடியாததால், ஓர் இரவுப் பட்டினியே உடல் தன் தசையைத் தின்னத் தொடங்கப் போதும். அதனால் படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உடல்வலிக்கு டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடக்கூடாது, சிறுநீரகம் போய்விடும்.

பசியும் குடிவேட்கையும் உடலில் ஒரே மாதிரி உணர்த்தும் என்று பல நோயாளிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மாலை ஐந்து மணிச் சுண்டலை வெறும் சத்துணவாக நினைக்காதீர்கள். அதுவும் குடிநோய்க்கான சிகிச்சையில் சேர்த்தி.

9. தேம்ஸ் தமிழ்

இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இங்கே குடியால் பாதிப்பு மிகுந்த பகுதிகளின் மருத்துவமனைகளில் மது பராமரிப்புக் குழு என்று ஒன்றை அமைப்பதற்கு 2019இல் வெளியான தேசிய சுகாதார சேவையின் நீண்டகாலத் திட்டம் வழிசெய்தது. நோயாளி எந்த வார்டில் இருந்தாலும் அந்தக் குழுவின் செவிலியர் அங்கேயே வந்து பார்ப்பார். நோயாளியை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்புவதில்லை. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதாலேயே நம் ஊரில் இது முடியும் என்று நம்புகிறேன்.

10. கரிசல்காட்டான்

தென்றல் மருத்துவரின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். சித்தப்பாவுக்கு வலிப்பு வந்தது அவர் குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்த மறுநாள். அதைக் குலதெய்வக் குற்றம் என்றார்கள். இன்றுதான் காரணம் தெரிகிறது. அப்போது யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். குடித்துக் கெடுத்துக்கொண்டவருக்கு, இறந்தவர் குடும்பம் கொடுத்த உறுப்பைத் தருவது சரியா?

11. தென்றல்

ஐயா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்.

மாற்று அறுவைக்கு முன் ஆறு மாதங்கள் குடிக்காமல் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். அதில் ஒரு நன்மை உண்டு: குடியை விட்ட சில மாதங்களில் பலருக்குக் கல்லீரல் தானே தேறி, அறுவையே தேவைப்படாமல் போகும். ஆனால் மருந்துக்கு அடங்காத கடும் அழற்சி வந்தவர்களில் பலர் அந்த ஆறு மாதத்தைப் பார்ப்பதே இல்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்று அறுவை செய்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அறுவை செய்யப்படாத ஒத்த நோயாளிகளில் 23 சதவீதம் பேர்தான் இருந்தார்கள். தேர்ந்தெடுப்பதில் குடும்பத்தின் துணையையும், நோயாளி தன் குடியை எவ்வளவு ஒப்புக்கொள்கிறார் என்பதையும் பார்த்தார்கள். அதாவது அங்கும் குடிநோய்ச் சிகிச்சை, அறுவைக்குள் ஒரு பகுதியாக இருந்தது. புதிய கல்லீரல் குடிவேட்கையைக் குணப்படுத்தாது.

எனக்கு இந்தக் கேள்வியில் ஒரு நிலைப்பாடு உண்டு. சிகிச்சையே பெறாத ஒருவரிடம் 'நீ ஏன் விடவில்லை' என்று கேட்டு உறுப்பை மறுப்பது நேர்மையல்ல. சிகிச்சையை முழுதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு தகுதியைப் பற்றிப் பேசலாம். சட்டமும் துணை நிற்கிறது: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

வைகைக்கரை சகோதரி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மனநலப் பிரிவும் கல்லீரல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சேரும் அன்றே, இரண்டு பிரிவும் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வழி தெரியாமல் நின்றால் 14416 எண்ணில், டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் உதவியாளர்கள் தமிழிலேயே பேசுவார்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.

12. வைகைக்கரை (மூன்று மாதங்களுக்குப் பிறகு)

எல்லாருக்கும் நன்றி. மறுமொழி எழுதத் தாமதமாகிவிட்டது.

தென்றல் மருத்துவர் சொன்னபடியே அண்ணனைச் சேர்த்தோம். கடைசியாகக் குடித்த நேரத்தை அண்ணியே மணிக்கணக்காகச் சொன்னார். முதல் ஐந்து நாள்கள் நடுக்கத்துக்கு மருந்து, தயமின், லாக்டுலோஸ். ஆறாம் நாள் மனநல மருத்துவர் வந்து அண்ணனோடு முக்கால் மணி நேரம் பேசினார். இத்தனை ஆண்டுகளில் திட்டாமல் குடியைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள் என்று அண்ணன் சொன்னார். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்ததால் பாக்லோஃபென் குறைந்த அளவில் தொடங்கினார்கள். கல்லீரல் மருத்துவர் எழுதிய அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் மனநல மருத்துவரும் எழுதுகிறார். இரண்டு சந்திப்பும் செவ்வாய்க்கிழமை ஒரே காலையில். ஒரு நாள் கூலி இழப்போடு முடிகிறது.

ஏழாவது வாரம் ஒரு நாள் குடித்தார். முன்பானால் மறைத்திருப்பார். அன்று இரவே அண்ணியிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை இரண்டு மருத்துவர்களிடமும் அவரே சொன்னார். யாரும் விரட்டவில்லை. பட்டறையில் சம்பளம் பட்டுவாடா செய்யும் சனிக்கிழமை மாலைதான் சிக்கல் என்று கண்டுபிடித்து, இப்போது சனிக்கிழமைக் கணக்கை அண்ணி பார்க்கிறார். ஆலோசனையை வாரத்துக்கு இரண்டாக்கினார்கள்.

பிலிருபின் 2.4க்கு வந்திருக்கிறது. வயிற்றில் நீர் குறைந்து, நீர் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கிறோம்; உப்பில்லாத முட்டையை அவர் முகம் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறார். அடுத்த செவ்வாய் மறுபடியும் என்டாஸ்கோப்பி. முடித்துவிட்டு அதே மாடியில் ஆலோசனைக்குப் போக வேண்டும்; இரண்டுக்கும் ஒரே சீட்டுதான் கொடுத்திருக்கிறார்கள்.